பம்பரம் வாங்கிய ஸ்ட்ரெய்ட்னர்

ஓட்டலின் சலவைப் பிரிவில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டு வாய் மூடுவதற்குள் அவள் வேறு மூலையில் இருப்பாள் என்பதால் அந்தப் பெயரையும் இரண்டு தடவை கத்த வேண்டியிருக்கும். சமையல்காரர்களின் வெள்ளைக் கோட்டு, வரவேற்பில் நிற்பவர்களின் சட்டை, விருந்துக் கூடத்து மேசை விரிப்பு எல்லாம் அடித்தளத்தில் அவள் கையால் தேய்க்கப்பட்டுத்தான் மேலே போகும். ஒரு கையில் இஸ்திரிப் பெட்டி, மறு கையில் தண்ணீர் தெளிப்பான். ஒரு சட்டையைத் தொங்கவிடும்போதே அடுத்த சட்டை பலகையில் விரிந்துவிடும். மற்றவர்கள் டீ குடிக்க உட்காருவார்கள். இவள் நின்றுகொண்டே பாதி டம்ளர் குடித்துவிட்டு, அதை எங்கேயோ வைத்துவிட்டு, யாருடா எடுத்தது என்று ஊரைக் கூட்டுவாள்.

பிறந்ததிலிருந்தே அப்படித்தான். சின்ன வயதில் அவளை ஓர் இடத்தில் உட்காரவைத்துத் தலைவாருவது வீட்டில் தினசரி யுத்தம். அதற்கு ஓரிடத்தில் நிற்காத கால்கள் பாதிக் காரணம் என்றால் முடி மீதிக் காரணம். கறுகறுவென்று அப்படி ஒரு அடர்த்தி. சுருட்டை என்றும் சொல்ல முடியாது, நேர் என்றும் சொல்ல முடியாது. ஒவ்வோர் இழையும் பக்கத்து இழையோடு பேச்சுவார்த்தை இல்லாதது போல நாலா பக்கமும் விறைத்துக்கொண்டு நிற்கும். சீப்பு உள்ளே போகும், பல்லை இழக்காமல் திரும்பி வராது. கல்யாணமான புதிதில் கணவர், "உன் தலையைப் பாத்தா போதும், மழை வருமா வராதான்னு தெரிஞ்சிடுது" என்பார். காற்றில் ஈரம் ஏறினால் அது உப்பும் என்பது உண்மைதான். முதலில் சிரித்துக்கொண்டு சொன்னார். பிறகு சிரிக்காமல் சொன்னார். பிறகு எதுவுமே சொல்லாமலானார். ஒரே கூரைக்குக் கீழே இருந்து ஒருத்தரை ஒருத்தர் கடித்துக் குதறுவதைவிட விலகிப்போவது மரியாதை என்று இருவருக்கும் தோன்றியது, விலகிவிட்டார்கள்.

அப்போது அவளுக்கு ஓட்டலில் மாறி மாறி வரும் ஷிப்ட். இரவு வேலைக்குப் போகிறவள் பெண் குழந்தையை எப்படித் தனியாக விட்டுப் போவாள்? மகள் அப்பாவோடு போனாள். அவர் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். மகளுக்குச் சித்தி வந்தாள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனிக்கிழமை காலை கொண்டுவந்து விட்டு ஞாயிறு மாலை வந்து கூட்டிப்போவது என்று ஏற்பாடு. மகள் இப்போது பத்தாம் வகுப்பை முடிக்கப்போகிறாள். உயரம் அப்பாவைப் போல, நிறம் யாரைப் போலவோ, தலை மட்டும் அச்சு அசல் பம்பரம்.

இந்த வருஷம் பம்பரத்துக்கு நிரந்தரமாகப் பகல் வேலை கிடைத்தது. கிடைத்த அன்றே மகளின் அப்பாவுக்குப் போன் செய்து, பிள்ளை இனிமேல் என்னோடு இருக்கட்டும் என்றாள். அவரும் மறுக்கவில்லை. "அவ பெரியவ ஆயிட்டா, அவளே சொல்லட்டும். புதுப் பள்ளிக்கூடத்துல இடம் கேக்கணும்னா இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடச் சொல்லு" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து பம்பரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டின் சின்ன அறையை ஒழித்தாள். கட்டிலை ஜன்னலோரம் போட்டாள், வெயில் அடிக்கும் என்று சுவரோரம் இழுத்தாள், காற்று வராது என்று மறுபடி ஜன்னலோரம் தள்ளினாள். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, என்னம்மா நடக்குது என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமை மகள் வந்ததும் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

"என்னடி முடிவு பண்ணின?"

"நாளைக்குச் சொல்றேன்மா."

"இன்னிக்கே சொன்னா என்ன?"

"நாளைக்குதான் சொல்லுவேன்."

பம்பரம் என்னவோ கேட்க வாயெடுத்தாள், அதற்குள் அடுப்பில் பால் நினைவுக்கு வந்து ஓடினாள். திரும்பி வந்தபோது மகள் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கையாலும் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை பள்ளியில் வகுப்புப் படம் எடுக்கிறார்களாம். போன வருஷப் படத்தில் இவளுக்குப் பின்னால் நின்ற பையன் முகமே தெரியவில்லையாம். அவன் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்து, என் பிள்ளை எங்கே என்று கேட்டாளாம். வகுப்பே சிரித்ததாம். அந்தப் படம் இன்னும் நடைவழிச் சுவரில் தொங்குகிறதாம்.

"அம்மா, எனக்கு முடியை நேராக்குற ஸ்ட்ரெய்ட்னர் ஒண்ணு வாங்கித் தர்றியா? சித்திகிட்ட இருக்கு. ஆனா அது சின்னது, என் முடிக்குப் பத்தாது."

சித்தி என்ற சொல் பம்பரத்தின் காதில் விழுந்த மறுநிமிஷம் அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டாள். சித்தியிடம் இல்லாத ஒன்றைத் தன்னால் கொடுக்க முடியும். வேறு என்ன வேண்டும்? அதுவும் சூடான தகட்டால் தேய்க்கிற சமாச்சாரம். அது அவள் தொழில், அதில் அவள் கொடிகட்டிப் பறக்கிறவள். தேய்த்துக் கொடுத்து, மகள் கண்ணாடியில் பார்த்துச் சிரித்து, அந்தச் சிரிப்போடு இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிடுவாள் என்று, கடைக்கு நடந்த வழியிலேயே முழுக் கதையையும் மனசுக்குள் எழுதி முடித்துவிட்டாள்.

மின்சாதனக் கடையில் அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்ட பெண் பொறுமைசாலி. மூன்றை எடுத்து வைத்தாள். முதலாவது விரல் அகலத் தகடு, ஒரே சூடு, போட்டால் எரியும், நிறுத்தினால் அணையும்.

"இது வேண்டாம்க்கா. இந்த முடிக்கு இதை வெச்சு இழுத்தா விடிய விடிய இழுக்கணும். ஒரே இடத்துல பத்து தடவை இழுத்தா முடி கருகிடும். இதோ, இது பாருங்க. தகடு அகலம். சூட்டை நம்மளே கூட்டிக் குறைச்சுக்கலாம், நம்பர் காட்டும்."

மூன்றாவது, ஆவி விடுகிற ஸ்ட்ரெய்ட்னர். தண்ணீர் ஊற்றச் சின்னத் தொட்டி இருந்தது. பம்பரத்தின் கண் அதிலேயே நின்றது.

"ஆவியா! அதானே பாத்தேன். ஆவி இல்லாம என்ன இஸ்திரி?"

"அம்மா, அது வேண்டாம். வெயிட்டா இருக்கு. நடுவுல இருக்கிறதே போதும்" என்றாள் மகள்.

பம்பரம் நடுவில் இருந்ததை எடுத்து இரண்டு தகட்டையும் மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். இடைவெளி இல்லை, ஒன்றோடு ஒன்று நன்றாகப் பொருந்தியது. ஓரம் கூராக இருக்கிறதா என்று நகத்தால் உரசினாள். வழவழவென்று இருந்தது. வயரை நீட்டிப் பார்த்தாள்.

"இன்னும் நீளமா வயர் இருக்காம்மா? நான் நடந்துகிட்டேதான் வேலை செய்வேன்."

கடைப்பெண் சிரித்துவிட்டாள். "அக்கா, இதை நடந்துகிட்டே போட முடியாது. போட்டுக்கிறவங்களும் ஆடாம இருக்கணும், போட்டு விடுறவங்களும் நிதானமா இருக்கணும். இன்னொண்ணு கேட்டுக்கோங்க, முடியை முதல்ல..."

அதைக் கேட்கப் பம்பரம் அங்கே இல்லை. மின்விசிறி வரிசையில் ஏதோ ஒன்று சத்தம் போடுகிறது என்று பார்க்கப் போய்விட்டாள். கடைப்பெண் மிச்சத்தை மகளிடம் சொல்லி, சூடு தாங்க முடியில் அடிக்கிற ஸ்ப்ரே ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தாள். மகள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் மகள் தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். துண்டால் துவட்டியும் அந்த அடர்த்திக்குள் ஈரம் அப்படியே இருந்தது. மேல் முடி காய்ந்தாலும் உள் முடி காய்வதற்கு ஒரு பொழுது வேண்டும். பம்பரம் ஸ்ட்ரெய்ட்னரைச் சொருகி, இருப்பதிலேயே பெரிய நம்பர் எதுவோ அதில் வைத்தாள். தடித்த துணிக்குக் குறைந்த சூடு வைத்து யாராவது தேய்ப்பார்களா? பிறகு அறைக்கும் சமையலறைக்குமாக நடந்தாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள்.

"உக்காரு, ஆரம்பிக்கலாம்."

"இன்னும் காயலம்மா. முழுசாக் காயணும்னு அந்தக்கா சொன்னாங்க."

"அவளுக்கு என்ன தெரியும்? முழுசாக் காஞ்ச பருத்தி கல்லு மாதிரி. அதைத் தேச்சா சுருக்கம் போகுமா? ஈரத்தோட தேச்சாதான் சொன்ன பேச்சு கேக்கும். எத்தனை வருஷமா தேய்க்கிறேன், எனக்கே சொல்லித் தர்றியா?"

"அது துணிம்மா. இது முடி."

"எல்லாம் ஒண்ணுதான். உக்காருடி."

மகள் உட்கார்ந்தாள். அவள் ஏன் உட்கார்ந்தாள் என்றால், அம்மாவோடு வாக்குவாதம் செய்ய வேண்டுமென்றால் பின்னாலேயே நடக்க வேண்டும், அதற்கு அவளிடம் தெம்பில்லை. பம்பரம் இடது காதுக்கு மேலே, நெற்றியோரமாக ஒரு கொத்து முடியைக் கைநிறைய அள்ளினாள். அது போதாதென்று தண்ணீர் தெளிப்பானை எடுத்து இரண்டு தடவை அடித்தாள். பழக்கதோஷம். தகட்டுக்கு நடுவே வைத்து அழுத்தினாள்.

சுர்ரென்று சத்தம் வந்தது, ஆவி கிளம்பியது. பம்பரத்துக்கு முகம் மலர்ந்தது. சலவைப் பிரிவில் அந்தச் சத்தம் வந்தால் வேலை சரியாக நடக்கிறது என்று அர்த்தம். காலருக்குக் கொடுப்பது போல இன்னும் கொஞ்சம் அழுத்தம் கொடுத்து அப்படியே பிடித்தாள். அப்போதுதான் நாற்றம் வந்தது. துணி தீய்ந்த நாற்றம் அவளுக்குத் தெரியும், இது அது இல்லை. கையை உதறித் தகட்டைத் திறந்தாள். கொத்தில் பாதி கையோடு வந்தது. மீதி, காதுக்கு மேலே விரல் நீளத்துக்கு, துடைப்பக் குச்சி மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது.

மகள் அலறவில்லை. அலறியிருந்தால் பம்பரத்துக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கண்ணாடியைப் பார்த்தாள், விரலால் தொட்டாள், தொட்ட இடத்தில் இன்னும் கொஞ்சம் உடைந்து தோளில் விழுந்தது. எழுந்து சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பம்பரத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அவள் கால் எப்படி ஓடாமல் இருக்கும்? குட்டி போட்ட பூனை மாதிரி கதவுக்கு முன்னால் அலைந்தாள். "கண்ணு, காட்டு, பாக்கிறேன்" என்றாள். "வெட்டிச் சரி பண்ணிடலாம்" என்றாள். "டீ போடட்டுமா?" என்றாள். "வேற ஒண்ணு வாங்கிட்டு வரட்டுமா, அந்த ஆவி விடுறது?" என்றாள். உள்ளேயிருந்து, "அம்மா, கொஞ்ச நேரம் சும்மா இரேன்" என்று மட்டும் ஒரு குரல் வந்தது. உலகத்தில் அவளால் செய்ய முடியாத ஒரே வேலையை மகள் கேட்டாள். பாத்திரத்தையெல்லாம் எடுத்துப்போட்டுக் கழுவினாள், கழுவினதையே மறுபடி கழுவினாள். போயிற்று, எல்லாம் போயிற்று, சித்தி வீட்டுக்கே போய்விடுவாள் என்று ஒவ்வொரு பாத்திரத்திடமும் சொன்னாள்.

ஞாயிறு காலை மகள் வெளியே வந்தபோது கருகின முடியைத் தானே கத்தரித்து, பக்கத்து முடியை அதன்மேல் இழுத்து ஊசி குத்தியிருந்தாள். மோசமாக இல்லை. முகத்தில் கோபமும் இல்லை. தூங்காத களைப்பு இருந்தது. காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். பம்பரம் நாலு தடவை எழுந்து உப்பு எடுத்து வந்தாள், உப்பு ஏற்கெனவே மேசையில்தான் இருந்தது.

கடைசியில் அவளே ஆரம்பித்தாள். "இன்னிக்கு முழுசாக் காஞ்சிருக்கில்ல. மறுபடி போட்டுப் பாப்போமா?"

மகள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் பம்பரம் வாயை மூடிக்கொண்டாள். பிறகு தானே சொன்னாள், "நான் போடலடி. நீயே போடு. முதல்ல என் தலையில போடு. புதுத் துணி வந்தா ஓரத்துல தேச்சுப் பாத்துட்டுதான் நடுவுல தேய்ப்போம். என் தலை கருகினா கருகட்டும். வேலையில எப்பவும் தொப்பிக்குள்ளதானே கெடக்குது."

"உன்னால உக்கார முடியாதும்மா."

"உக்காருவேன்."

"ரெண்டு மணி நேரம் ஆகும்."

"ஆகட்டுமே."

மகள் சிரிக்காமல் சிரித்தாள். சமையலறை நாற்காலியை இழுத்துவந்து அலமாரிக் கண்ணாடி முன்னால் போட்டாள். பம்பரம் நேற்று முன்தினமே தலைக்குக் குளித்திருந்தாள், முடி வேர் வரை காய்ந்து உப்பிக்கொண்டிருந்தது. மகள் போனை எடுத்துச் சித்தியைக் கூப்பிட்டு, இருவருக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தாள். பம்பரத்துக்குச் சுருக்கென்றது. எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. ஆனால் உட்காருவேன் என்று சொல்லியாயிற்று.

"முதல்ல அந்த ஸ்ப்ரே போட்டியா, சூடு தாங்குறது?" என்றது சித்தியின் குரல். "அது நல்லா காயட்டும். பெரிய நம்பர் வேண்டாம்டா, ஒரு இருநூறுக்குக் கீழயே வை. போதலைன்னா அப்புறம் ஏத்திக்கலாம். பிடரியில இருந்து ஆரம்பி. மேல் முடியையெல்லாம் தூக்கி கிளிப் போட்டுடு. கொஞ்சம் கொஞ்சமா எடு, தகட்டு அகலத்துக்கு மேல எடுக்காத. சீப்பை முன்னால விட்டு, பின்னாலயே இதை இழு. ஒரே இழுப்பு, மெதுவா. நிறுத்தக்கூடாது, அவசரப்படவும் கூடாது." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அக்கா, வலிச்சா சொல்லுங்க" என்றது.

"வலிக்கலம்மா" என்றாள் பம்பரம். இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

ஆரம்பித்தது. பிடரியில் முதல் கொத்து. சீப்பு போனது, அதன் பின்னால் சூடு போனது. சத்தமே இல்லை. ஆவி இல்லை. இது வேலை செய்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பம்பரம் திரும்பிப் பார்க்கப் போனாள்.

"திரும்பாத."

"திரும்பல."

"ஆடாத."

"ஆடலடி."

"கால் ஆடுதும்மா."

குனிந்து பார்த்தாள். ஆமாம், வலது கால் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. இடது காலைத் தூக்கி அதன்மேல் போட்டு அழுத்திக்கொண்டாள். இப்போது இடது கால் ஆடியது. தெருவில் யாரோ எதையோ விற்றுக்கொண்டு போனார்கள். குழாய் சொட்டியது. அடுப்பை அணைத்தோமா? ஜன்னல் கம்பியில் காயப்போட்ட துணி விழுந்திருக்குமோ? உடம்பெங்கும் எறும்பு ஊர்ந்தது. மகளின் கைமட்டும் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. எடுத்தாள், வாரினாள், இழுத்தாள், விட்டாள். அவசரமே இல்லாத அந்தக் கை யாருடையது என்று பம்பரத்துக்குப் புரியவில்லை. தன்னிடமிருந்து வந்ததல்ல. அப்பாவிடமிருந்தும் அல்ல. தானாக வளர்ந்திருக்கிறது, தான் பார்க்காதபோது வளர்ந்திருக்கிறது.

கழுத்துக்குப் பின்னால் முடிந்து, வலது பக்கம் ஏறியது. தோளில் விழுந்த முடியைப் பம்பரம் கடைக்கண்ணால் பார்த்தாள். நாற்பது வருஷமாக யார் பேச்சையும் கேட்காத முடி, பட்டுத் துணி மாதிரி வழுக்கிக்கொண்டு கிடந்தது. கையால் தொடப் போனாள், மகள் புறங்கையில் லேசாக ஒன்று போட்டாள்.

ஸ்ட்ரெய்ட்னர் காதோரம் வந்தபோது மகள் சொன்னாள், "அம்மா, நான் அப்பா வீட்டுலயே இருக்கிறேன்."

பம்பரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழப் போனாள்.

"சூடு!" என்றாள் மகள். "அசையாத, காது பக்கத்துல இருக்கு."

உட்கார்ந்தாள். சொல்வதற்கு அவளிடம் எவ்வளவு இருந்தது! கட்டில் போட்டிருக்கிறேன், பகல் வேலை வாங்கியிருக்கிறேன், புதுப் பள்ளிக்கூடம் தெருமுனையில் இருக்கிறது, நான் உன் அம்மா. எல்லாம் வரிசையாகத் தொண்டைக்கு வந்தது. ஆனால் எழுந்து நடக்காமல் அவளுக்குப் பேச வராது. தாடை அசைந்தால் கன்னத்தில் சுட்டுவிடும் போலச் சூடு அருகில் இருந்தது. கண்ணாடியைத்தான் பார்க்க முடிந்தது. கண்ணாடியில் மகள் முகம் இருந்தது. மோவாயில் ஒரு பரு. புருவத்துக்கு நடுவே ஒரு சின்னக் கோடு, கவனமாக வேலை செய்கிறவர்களுக்கு விழுவது. இந்த முகத்தை இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் எப்போது பார்த்தோம் என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

"ஏன்னு கேக்க மாட்டியா?"

"கேக்கிறேன்" என்றாள் பம்பரம், உதடு மட்டும் அசைய.

"கோபம் இல்லம்மா. நேத்து முடி போனதுக்காகவும் இல்ல. அது வளந்துடும்." அடுத்த கொத்தை எடுத்தாள். "நீ கேள்வி கேப்ப. நான் பதில் சொல்றதுக்குள்ள பாத்திரம் கழுவப் போயிடுவ. நான் பின்னாலயே வந்து சொல்லணும். பாதி சொல்லும்போது நீ துணி எடுக்க மாடிக்குப் போயிடுவ. ரெண்டு நாள்னா முடியும்மா. தினமும்னா என்னால முடியாது. அங்க யாரும் என்கிட்ட ரொம்பக் கேக்க மாட்டாங்க. ஆனா பேச ஆரம்பிச்சா உக்காந்து கேப்பாங்க."

பம்பரம் எழவில்லை. உள்ளுக்குள் எல்லாம் எழுந்து ஓடியது, உடம்பு மட்டும் நாற்காலியில் இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்தால் கை அசையும், அசைந்தால் மகள் கையில் சுடும். வடியட்டும் என்று விட்டாள். வலித்தது, ரொம்ப வலித்தது. ஆனால் மகள் சொன்னதில் எதுவும் பொய் இல்லை.

"வேற?" என்றாள்.

மகளின் கை ஒரு நொடி நின்றது. "வேற என்ன?"

"வேற என்ன சொல்லணுமோ சொல்லு. நான் எங்கயும் போகல."

அப்புறம் மகள் பேசினாள். கணக்கு வாத்தியாரைப் பற்றி. ஒரு சிநேகிதி காரணமே சொல்லாமல் பேசுவதை நிறுத்தியதைப் பற்றி. படத்தைப் பார்த்து எல்லாரும் சிரித்த அன்று கழிப்பறையில் போய் நின்றதைப் பற்றி. படித்து என்னவாவது என்று இன்னும் தெரியவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, தனக்கு மட்டும் தெரியவில்லை என்பதைப் பற்றி. பம்பரம் நடுவில் புகுந்து யோசனை சொல்லத் துடித்தாள். ஒவ்வொரு தடவையும் சூடு காதருகே இருந்தது. அதனால் "ம்" என்றாள். ம் என்று சொன்னாலே பிள்ளை மேலே சொல்கிறாள் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

வலது பக்கம் முடிந்து இடது பக்கம் கிளிப்பை அவிழ்த்தபோது கீழே கார் ஹாரன் கேட்டது. அப்பா சாயங்காலம் வர வேண்டியவர், ஏதோ வேலையென்று முன்னாலேயே வந்துவிட்டார். மகள் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள். நடு உச்சியிலிருந்து வலப்பக்கம் நேராக இறங்கி மார்பு வரை விழுந்திருந்தது. இடப்பக்கம் பழையபடி புதர். பம்பரமும் பார்த்தாள். அழுத முகத்தோடு சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் சிரித்தார்கள், கீழே ஹாரன் இன்னொரு தடவை அடித்தது.

"உன் தலைக்குப் போட நேரமே இல்லாம போச்சே. நாளைக்குப் படம்?"

"கடைசி வரிசையில நின்னுக்கிறேன். என் பின்னால யாரும் இல்லன்னா யாரு அம்மா வந்து கேப்பாங்க?"

"இந்தா, இதை எடுத்துட்டுப் போ" என்று ஸ்ட்ரெய்ட்னரை நீட்டினாள்.

மகள் வாங்கவில்லை. ஆறட்டும் என்று மேசையில் வைத்து வயரைச் சுற்றாமல் விட்டாள். "இங்கயே இருக்கட்டும். அடுத்த சனிக்கிழமை வந்து மீதியை முடிக்கிறேன்."

"அடுத்த வாரம் நீ வர்ற வாரம் இல்லையே?"

"இல்லதான். வர்றேன். அதுவரைக்கும் கலைச்சிடாத."

படியிறங்கிப் போய்விட்டாள். பம்பரம் ஜன்னலுக்கு ஓடவில்லை. கார் கிளம்பும் சத்தம் தேய்ந்து மறையும்வரை நாற்காலியிலேயே இருந்தாள்.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனவள் தன் பலகைக்குப் போகவில்லை. மேற்பார்வையாளரிடம் போய், இந்த வாரம் எனக்குத் துண்டு மடிக்கிற மேசை வேண்டும் என்று கேட்டாள். மடிப்பு மேசை, ஆவி எட்டாத மூலையில் இருக்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்து காலையிலிருந்து மாலைவரை துண்டு மடிக்க வேண்டும், அவ்வளவுதான். முட்டி தேய்ந்தவர்களுக்கும் மாசமாக இருப்பவர்களுக்கும் கொடுக்கிற வேலை. மேற்பார்வையாளர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"உடம்பு சரியில்லையா பம்பரம்?"

"நல்லாத்தான் இருக்கேன். குடுங்க."

மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்திருந்த மடிப்பு அக்காவுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. பம்பரம் ஸ்டூலில் உட்கார்ந்ததையும், தொப்பிக்கு மேலே பிளாஸ்டிக் உறை ஒன்றை இழுத்துக் கட்டியிருந்ததையும் மாறி மாறிப் பார்த்தாள். பொறுக்க முடியாமல், யாரும் பார்க்காத நேரத்தில் உறையைத் தூக்கித் தொப்பியை நகர்த்தினாள். பாதித் தலை நேராக விழுந்தது, பாதித் தலை எழுந்து நின்றது.

"அடிப்பாவி! என்னடி இது கோலம்?" மடிப்பு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இதுக்குப் போயா ஆவிக்குப் பயந்து இங்க வந்து உக்காந்திருக்க? உன் கையில இல்லாத தொழிலா? ஒரு இழுப்பு இழுத்தா மீதியும் முடிஞ்சுடுமே."

பம்பரம் தொப்பியை இறக்கி, உறையைச் சரியாக இழுத்து விட்டுக்கொண்டாள். அடுத்த துண்டை எடுத்து ஓரத்தோடு ஓரம் சேர்த்தாள். மேசைக்குக் கீழே வலது கால் ஆடத்தொடங்கியது. அதை ஆடவிட்டுவிட்டு, எழாமல் இருந்தாள்.

"அது என் பொண்ணு வந்து முடிக்கணும்க்கா" என்றாள். "சனிக்கிழமை வருவா."

"அப்ப வீட்டுக்கே வந்துட்டாளா?" என்று மடிப்பு அக்கா ஆசையாகக் கேட்டாள்.

"இல்ல. அவங்க அப்பா வீட்டுலதான் இருப்பா" என்றாள் பம்பரம். "சனிக்கிழமை வருவா."